ஊட்டிக் குளிருக்குக் கரி அடுப்பா, மின் ஹீட்டரா?

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியின் பள்ளங்களில் உறைபனி படியும். வீட்டைச் சூடாக்கக் கரி அடுப்பை நம்புகிறவர்கள் உண்டு. மின்சாரம் போனாலும் அது கனலும் என்பது உண்மைதான். ஆனால் ஜன்னல் அடைத்த படுக்கையறைக்குள் அதை வைக்கவே கூடாது. புகை அடங்கிய தணலும் கார்பன் மோனாக்சைடை வெளியிடும். நிறமில்லை, மணமில்லை, தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். "புகையே வரவில்லையே" என்ற தைரியம்தான் பேராபத்து.

எண்ணெய் நிரப்பிய மின் ஹீட்டர் மெதுவாகத்தான் சூடேறும். அணைத்த பிறகும் சற்று நேரம் இதம் தரும். 1,500 வாட் ஹீட்டர் 4 மணி நேரம் முழுமையாக ஓடினால் 6 யூனிட். கட்டணம் உறுத்தும்தான். கதவிடுக்கில் பழந்துணியைச் சுருட்டி வைத்தால் ஓடும் நேரம் குறையும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மட்டும் செருகாதீர்கள். என் வீட்டில் கரி அடுப்பு முற்றத்தோடு நின்றுவிட்டது.