நோமா, பூதமா: புதையலுக்கு எது நல்ல காவல்?

நோம் (gnome) ஐரோப்பியக் கதைகளில் வரும் குட்டி மனிதர், பூதம் நம்ம ஊர்க் கதைகளில் வருவது. ரெண்டு பேருமே குள்ளம், ரெண்டு பேருக்குமே மண்ணுக்குள் கிடக்கும் செல்வத்தைக் காக்கிற வேலை.

நோம் வயதில் இளையவர். 16ஆம் நூற்றாண்டு சுவிஸ் மருத்துவர் பாராசெல்சஸ் எழுதியதில்தான் அந்தப் பெயரே வருகிறது. இரண்டு சாண் உயரம். மீன் தண்ணீருக்குள் போவதுபோல மண்ணுக்குள் புகுந்து போவாராம். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் சுடுமண் பொம்மையானார். 1847 வாக்கில் சார்லஸ் ஐஷம் என்ற பிரபு அவரை இங்கிலாந்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். சிவப்புக் குல்லா, வெள்ளைத் தாடி, கையில் தூண்டில். காவல்காரர் இப்போது தோட்ட அலங்காரம்.

நம்ம பூதத்தைப் பார்க்க பழைய திருநெல்வேலிச் சீமையின் கழுகுமலைக்குப் போகணும். 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் குடைந்த வெட்டுவான் கோயிலில், கூரை விளிம்புக்குக் கீழே பூதகணங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பானை வயிறு, கட்டைக் கால், ஆளுக்கொரு முகபாவம். கல்லில் இப்படிச் சிரிக்கிற பூதம், ஆச்சிமார் கதையில் புதையலைத் தர தலைச்சன் பிள்ளையைப் பலி கேட்கும்! நோமிடம் அந்த மிரட்டல் இல்லை. சுரங்கத்தில் கொஞ்சம் குறும்பு பண்ணுவார், அவ்வளவுதான்.

தோட்டத்துக்கு அழகு வேணும்னா நோம் போதும். நகைப்பெட்டிக்கு என்றால் நான் பூதத்தைத்தான் வைப்பேன்.