‘கீழே எந்த லைனும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தார்கள், கடப்பாரை கேபிளில் இறங்கியது

வடகிழக்குப் பருவமழைக்கு முன் மழைநீர்க் கிணறு, வடிகால் என்று அடுக்குமாடி வளாகங்களில் தோண்டும் வேலை அதிகமாக நடக்கும். நிலத்தடியில் என்ன லைன் போகிறது என்று ‘ஸ்கேன்’ செய்து தருகிறோம் என விளம்பரம் செய்பவர்களை யாராவது கூப்பிடப் போகிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள். வேளச்சேரிப் பக்கம் உள்ள எங்கள் வளாகத்தில் அப்படி ஒரு நிறுவனம் கொடுத்த அறிக்கையை வைத்துத்தான் வேலை தொடங்கியது. அதில் ஒரு தொழிலாளியின் வலது கை வெந்துவிட்டது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. அவர்கள் வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன். அதை வைத்தே இப்படிப்பட்டவர்களை நீங்கள் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

கட்டணம் 12,000 ரூபாய், பாதி முன்பணம். பில் கேட்டபோது, வேலை முடிந்ததும் தருகிறோம் என்றார்கள். போனில் பேசியவர், “பி.வி.சி., ஹெச்.டி.பி.இ., கேபிள், ஃபைபர் எல்லாமே தெரியும் சார், நூறு சதவீதம் கேரண்டி” என்றார். வந்தவர் ஒரே ஆள், கையில் ஒரே ஒரு கருவி. நீளமான பிடி, அடியில் தட்டையான பகுதி, மேலே சின்னத் திரை. கார் நிறுத்துமிடத்திலிருந்து பின்பக்கச் சுவர் வரை அதைப் பிடித்தபடி நடந்தார், திரும்பி வந்தார். மீட்டர் அறை எங்கே என்று கேட்கவில்லை, ஒரு மேன்ஹோல் மூடியையும் திறக்கச் சொல்லவில்லை. கட்டட வரைபடம் தயாராக இருந்தது, வேண்டாம் என்றுவிட்டார். இரண்டு இடங்களில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, மற்ற இடத்தில் தைரியமாகத் தோண்டலாம் என்றார். மறுநாள் வாட்ஸ்அப்பில் வண்ணப் படங்களுடன் ஓர் அறிக்கை வந்தது: ‘தோண்டும் பாதையில் எந்த லைனும் இல்லை’.

மேஸ்திரி பொறுப்பானவர். அந்த அறிக்கை கையில் இருந்தும், பொது இணைப்பின் மெயினை அணைத்த பிறகுதான் ஆட்களை இறக்கினார். ஒன்றரை அடி ஆழம் போயிருக்கும், பெரிய சத்தம், நீல வெளிச்சம். குழியில் இருந்தவர் பின்னால் போய் விழுந்தார். “கல்லு தட்டுன மாதிரிதான்ணே இருந்துச்சு, இன்னொரு குத்து குத்துனேன்” என்று மேஸ்திரியிடம் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. கடப்பாரையின் முனையில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இரும்பு உருகி, ஓரம் முத்து முத்தாகத் திரண்டிருந்தது. கேபிளின் மேலுறையும் உள்ளே இருந்த எஃகுக் கம்பிச் சுற்றும் பிளந்து அலுமினியம் தெரிந்தது. அவரை உடனே அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். ஷாக் அடித்தவர் எழுந்து நடந்தாலும் இசிஜி எடுத்தே ஆக வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் விரல்களை இன்னும் முழுதாக மடக்க முடியவில்லை. கூலி வேலை செய்பவருக்கு வலது கைதான் பிழைப்பு. குடியிருப்பாளர்கள் சேர்ந்து சிகிச்சைச் செலவையும் கூலியையும் கொடுத்து வருகிறோம். அந்த நிறுவனத்திலிருந்து ஒருவர்கூட வந்து பார்க்கவில்லை.

மெயினை அணைத்த பிறகும் மின்சாரம் எங்கிருந்து வந்தது? அது பின்பக்கம் இருக்கும் தீயணைப்பு பம்புக்குப் போகும் கேபிள். தீப்பிடித்தால் கட்டடத்தின் மின்சாரத்தை நிறுத்தினாலும் பம்பு ஓட வேண்டும் என்பதால், அந்த இணைப்பு மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே பிரிகிறது. எங்கள் வளாகத்தில் மட்டுமல்ல, இப்படிப் பம்பு வைத்த பல கட்டடங்களில் இதுதான் ஏற்பாடு. மெயினை அணைத்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று யாரும் இறங்கிவிட வேண்டாம்.

சரி, கருவி ஏன் அதைக் காட்டவில்லை? அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவர் கொண்டுவந்தது கேபிள் லொக்கேட்டர் எனப்படும், நிலத்தடி கேபிளைத் தேடும் கருவியின் ரிசீவர் மட்டும். அதை ‘பவர்’ மோடில் வைத்து நடந்திருக்கிறார். அந்த மோடு 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடும்போது உண்டாகும் காந்தப்புலத்தைத்தான் பிடிக்கும். கேபிளில் வோல்டேஜ் இருந்தால் மட்டும் போதாது, கரண்ட் ஓட வேண்டும். எங்கள் தீயணைப்பு பம்பு சோதனைக்கு மட்டும் எப்போதாவது ஓடும், மற்ற நேரமெல்லாம் நின்றிருக்கும். கேபிள் உயிருடன் இருக்கும், கரண்ட் ஓடாது, கருவி மௌனமாக இருக்கும். மூன்று ஃபேஸிலும் சமமாகக் கரண்ட் ஓடினாலும் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்வதால் சிக்னல் குறைவாகத்தான் கிடைக்கும்.

இதற்காகத்தான் ரிசீவருடன் டிரான்ஸ்மிட்டர் என்ற இன்னொரு பெட்டியும் வரும். கேபிள் புறப்படும் இடத்தில் அதன் மேல் கிளாம்ப் மாட்டி, 33 கிலோஹெர்ட்ஸ் போன்ற ஓர் அலைவரிசையை ஏற்றிவிட்டு, அந்த சிக்னலைத் தரைக்கு மேல் பின்தொடர்ந்து போவார்கள். விபத்துக்குப் பிறகு நாங்கள் அழைத்த வேறொரு குழுவினர் செய்தது இதுதான். நேராக மீட்டர் அறைக்குப் போய், பேனலிலிருந்து கீழே இறங்கும் ஒவ்வொரு கேபிளும் எங்கே போகிறது என்று கேட்டார்கள். ஒவ்வொன்றாகக் கிளாம்ப் மாட்டி, தரையில் சிவப்பு பெயின்ட் அடித்துக்கொண்டே போனார்கள். கழிவுநீர்க் குழாய்க்குள் சோண்ட் எனப்படும் சிறிய டிரான்ஸ்மிட்டரைத் தள்ளிவிட்டு, அதன் பாதையைப் பச்சையில் வரைந்தார்கள். கேபிள் வளையும் இடத்தில் கருவி காட்டும் ஆழத்தை நம்ப வேண்டாம், பக்கத்தில் வேறு கேபிள் ஓடினால் சிக்னல் அதில் தாவிவிடும் என்று கேட்காமலே சொன்னார்கள். பிளாஸ்டிக் குழாயை இந்தக் கருவியால் பிடிக்கவே முடியாது என்றும் சொன்னார்கள். கூடவே செம்புக் கம்பி போட்டிருந்தாலோ, உள்ளே சோண்ட் விட முடிந்தாலோதான் வழி. உலோகமே இல்லாத ஃபைபர் கேபிளுக்கும் இதே கதைதான். நூறு சதவீத கேரண்டி என்ற பேச்சு அவர்கள் வாயில் ஒருமுறைகூட வரவில்லை.

பிளாஸ்டிக் குழாயைத் தேட ஜி.பி.ஆர். என்ற தரை ஊடுருவும் ரேடார் இருக்கிறது. தள்ளுவண்டி போல உருட்டிக்கொண்டு போவார்கள். ஆனால் ஈரமான களிமண்ணிலும் உப்பு ஏறிய மண்ணிலும் ரேடார் அலை சீக்கிரமே மடிந்துவிடும். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய எங்கள் பகுதியில் களிமண் அதிகம். இங்கே ரேடார் படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால், ஒன்றும் இல்லை என்று அர்த்தமாகாது.

இங்கேதான் முழு ஏமாற்று வெளியே வந்தது. முதல் நிறுவனத்தின் அறிக்கையில் இருந்தவை ரேடார் படங்கள். எங்கள் வளாகத்துக்குள் ரேடார் வண்டி வரவே இல்லை! கட்டுமானத் துறையில் வேலை பார்க்கும் ஒரு குடியிருப்பாளர் உற்றுப் பார்த்துச் சொன்னார்: ‘கேட் அருகே’ என்று போட்டிருந்த படமும் ‘பின்சுவர் அருகே’ என்று போட்டிருந்த படமும் ஒன்றேதான். எங்கிருந்தோ எடுத்த ஒரே படத்தை இரண்டு பக்கங்களில் ஒட்டியிருக்கிறார்கள். பணம் போனது எனக்குப் பெரிதில்லை. ஒரு மனிதன் அதை நம்பிக் குழிக்குள் இறங்கினான் என்பதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

விபத்தன்று அவர்களைக் கூப்பிட்டபோது கிடைத்த பதில் அதைவிட மோசம். “டேப் சுத்தி மண்ணு போட்டு மூடிடுங்க சார், ஒண்ணும் ஆகாது” என்றார்கள். அடிபட்ட கேபிளையோ குழாயையோ அப்படியே மூடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு பெல்ஜியத்தின் கிஸ்லெங்கியன் சாட்சி. 2004 ஜூலை 30 அன்று அங்கே எரிவாயுக் குழாய் வெடித்து 24 பேர் இறந்தார்கள். கட்டுமான வேலையின்போது இயந்திரம் உரசிப் பலவீனமாகியிருந்த குழாய் அது. உரசிய அன்று வெடிக்கவில்லை. பின்னொரு நாள் அழுத்தம் கூட்டப்பட்டபோது வெடித்தது. சென்னையிலும் இப்போது தெருத் தெருவாக எரிவாயுக் குழாய் பதிக்கிறார்கள். மஞ்சள் குழாய் கண்ணில் பட்டால் சின்னக் கீறலாக இருந்தாலும் எரிவாயு நிறுவனத்துக்குச் சொல்லிவிட வேண்டும். வாசனை வந்தால் ஜே.சி.பி. எஞ்சினை நிறுத்திவிட்டு, எந்த சுவிட்சையும் தொடாமல் எல்லோரும் விலக வேண்டும். எங்கள் கேபிளை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் வந்து, இணைப்பைத் துண்டித்து, முறையாக ஜாயின்ட் போட்டு, மெக்கர் வைத்து இன்சுலேஷன் சோதித்த பிறகே குழியை மூடினோம்.

இவ்வளவு அடிக்குக் கீழேதான் கேபிள் இருக்கும் என்ற கணக்கையும் நம்பாதீர்கள். ஐ.எஸ். 1255 என்ற இந்தியத் தரநிலைப்படி எல்.டி. எனப்படும் குறைந்த அழுத்தக் கேபிளை 0.75 மீட்டர் ஆழத்திலும் 11 கிலோவோல்ட் கேபிளை 0.9 மீட்டர் ஆழத்திலும் பதிக்க வேண்டும். எங்களுடையது ஒன்றரை அடியில் கிடந்தது, மேலே செங்கல்லும் இல்லை, எச்சரிக்கை நாடாவும் இல்லை. அதனால்தான் இரண்டாவது குழுவினர் பெயின்ட் அடித்ததோடு விடவில்லை. கோட்டுக்குக் குறுக்கே மண்வெட்டியால் மெல்லச் சீவிச் சீவிச் சோதனைக் குழி எடுத்து, கேபிளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த இடத்துக்குப் போனார்கள். கடப்பாரையையும் பிரேக்கரையும் அந்தப் பக்கமே விடவில்லை.

வளாகத்துக்கு வெளியே, தெருவோரம் தோண்டுபவர்களுக்கு ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலி இருக்கிறது. 2023 மார்ச் 22 அன்று பிரதமர் தொடங்கி வைத்தது. ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் இடங்களில் ஃபைபர் கேபிள் அறுபடுகிறது, 3,000 கோடி ரூபாய் அளவுக்கு நஷ்டம் என்று அப்போது அரசே சொன்னது. எங்கே தோண்டப் போகிறோம் என்று அதில் பதிந்தால், அங்கே லைன் வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும். மின்வாரியத்தின் செக்‌ஷன் ஆபீஸுக்கும் நேரில் போங்கள். தெருவோர மின்பெட்டியான பில்லர் பாக்ஸிலிருந்து கேபிள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது அந்தப் பகுதி லைன்மேனுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் வளாகத்துக்குள் கட்டுநர் பதித்த தனியார் லைன்கள் எந்தச் செயலியிலும் வராது. அங்கே மீட்டர் அறையும் சோதனைக் குழியும்தான் துணை.

இதே மாதிரி அறிக்கை வாங்கி வைத்திருப்பவர்கள் அதை எடுத்துப் பாருங்கள். எந்தக் கருவி, எந்த மோடு, எங்கே டிரான்ஸ்மிட்டர் மாட்டினார்கள், எதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதெல்லாம் அதில் இருக்கிறதா? படங்கள் திரும்பத் திரும்ப வருகின்றனவா? வேலை இன்னும் தொடங்கவில்லை என்றால் நிறுத்தி வையுங்கள். ஏமாந்திருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்த சேவைக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, தரையில் போட்ட சாக்பீஸ் கோட்டின் போட்டோ எதையும் அழித்துவிடாதீர்கள். நாங்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டோம். கை வெந்தவருக்கான இழப்பீட்டைத்தான் அதில் முதலில் கேட்டிருக்கிறோம்.