டிடிஎஸ் மீட்டர்: வாங்கலாம், ஆனால் இதை மட்டும் நம்பிக் குடிக்காதீர்கள்

பாலக்கோடு பக்கம் வீடு, போர் தண்ணீர்தான். தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பை (டிடிஎஸ்) காட்டும், பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டரை ஆன்லைனில் வாங்கினேன். மூடியைக் கழற்றி, ஆன் செய்து, முனையை மட்டும் தண்ணீரில் விட்டால் சில நொடிகளில் எண் வந்துவிடும். ஆர்ஓ சுத்திகரிப்பு மெஷினில் உப்பை வடிகட்டும் மெம்பிரேன் போய்விட்டதா என்று பார்க்க இது போதும், சர்வீஸ்காரர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

சிக்கல் எங்கே என்றால், இது தண்ணீரின் மின்கடத்தும் திறனை அளந்து மொத்த உப்பைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது, அவ்வளவுதான். எந்த உப்பு என்று சொல்லாது. எங்கள் தருமபுரி மாவட்டத்தில் பிரச்சினையே ஃப்ளூரைடு (அதிகமானால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் உப்பு). இந்தியத் தரநிலைப்படி இது லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. மீட்டர் 400 காட்டினாலும் (500க்குள் நல்லது என்பார்கள்) ஃப்ளூரைடு 3 இருக்கலாம், காய்ச்சினாலும் போகாது. சாக்கடை கலந்திருந்தால் வரும் கிருமியும் இதில் தெரியாது. அதற்கெல்லாம் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிப்பதுதான் சரி. கிருமிச் சோதனைக்குக் கிருமிநீக்கம் செய்த பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில் வேண்டாம்.

அப்புறம், கூடவே வந்த பேட்டரி சீக்கிரமே தீர்ந்துவிட்டது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.