முள்ளங்கி நாற்று என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள் (எனக்கு 6,700 ரூபாய் போச்சு)

நேற்று சாயங்காலம்தான் எல்லாவற்றையும் பிடுங்கினோம். பன்னிரண்டு பை, அறுபது செடி, 48 நாள் தண்ணீர் ஊற்றியது. முள்ளங்கி என்று கையில் எடுத்துக் காட்ட ஒன்றுகூட இல்லை. இலை மட்டும் கரும்பச்சையாக, முழங்கால் உயரத்துக்கு மதமதவென்று நிற்கிறது. பிடித்து இழுத்தால் கீழே எலிவால். ராத்திரி தூக்கமே வரவில்லை. இன்னொருவர் இதே பணத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்று விடிந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. திருச்சியில் மாடித்தோட்டச் சாமான் விற்கிற ஒரு கடை. வாட்ஸ்அப் குழு வைத்து ஆர்டர் எடுப்பார்கள், பை, மண்கலவை, நாற்று எல்லாவற்றையும் மாடிக்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். இந்த மாதிரிக் கடை இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறது.

பிப்ரவரி கடைசியில் போனேன். என் மாமியாருக்கு 78 வயது. மண்ணச்சநல்லூர்ப் பக்கம் சொந்த வயலில் பிடுங்கிய முள்ளங்கியைச் சாம்பாரில் போட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவர். கடையில் வாங்குவது வெறும் தண்ணீராக இருக்கிறது என்று தினமும் சொல்வார். அவருக்காகத்தான் ஆரம்பித்தேன். கடைக்காரரிடமும் இதைச் சொன்னேன். மேசை மேல் ஒரு வெள்ளை முள்ளங்கி கிடந்தது, முழங்கை நீளம், ஈரமண் அப்படியே ஒட்டியிருந்தது. அதை எடுத்து என் கையில் வைத்தார். "தூக்கிப் பாருங்கக்கா, எவ்வளவு கனம். நம்ம நாத்துல வந்ததுதான். அம்மாவுக்கு 45 நாள்ல சாம்பாருக்கு முள்ளங்கி என் பொறுப்பு" என்றார்.

என் பொறுப்பு என்று ஒருவர் சொன்ன பிறகு பில் எங்கே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பை, மண்கலவை, நாற்று எல்லாம் சேர்ந்த ஒரு கிட்டுக்கு அங்கேயே நின்று போனில் 5,800 ரூபாய் அனுப்பினேன். ஒரு துண்டுச் சீட்டில் 'கிட் 1' என்று எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான். இப்போது நினைத்துப் பார்த்தால், அந்த முள்ளங்கியின் இலைக்காம்பில் ஒரு துணுக்கு வாழைநார் சுற்றியிருந்தது. காந்தி மார்க்கெட்டில் கட்டுக் கட்டி விற்பார்களே, அந்த நார். என் கண் அதைப் பார்த்தது, மனசு பார்க்கவில்லை.

இருபதாம் நாள் வரை கீழே ஒன்றும் திரளவில்லை. செய்தி அனுப்பினேன். "தண்ணி ஜாஸ்தியாயிடுச்சு, குறைங்க" என்று பதில். குறைத்தேன். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் "தண்ணி பத்தல, ரெண்டு வேளை ஊத்துங்க". அப்புறம் அவர்களே தயாரிப்பதாகச் சொல்லும் ஒரு பூஸ்டர், பாட்டில் 450 ரூபாய், வாராவாரம் ஊற்றச் சொன்னார்கள். தீர்ந்ததும் இன்னொன்று, இன்னொரு 450. ஊற்ற ஊற்ற இலைதான் பெருத்தது. 40-ஆம் நாள் நாலைந்து செடி நடுவில் தண்டு விட்டுப் பூத்துவிட்டது. படம் அனுப்பினால் குரல் பதிவில் பதில் வருகிறது: "பூ வந்தா செடி ஆரோக்கியமா இருக்குன்னு அர்த்தம் மேடம்." பணம் கொடுக்கும்வரை அக்கா, கொடுத்த பிறகு மேடம்.

போன் செய்தால் வேலை செய்கிற பையன் எடுத்து ஓனர் வெளியூர் என்கிறான். 45-ஆம் நாள் ஒரு செடியை வேரோடு பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு நேரில் போனேன். வெளியூரில் இருக்க வேண்டியவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எதிரில் ஒரு இளம் தம்பதி. மேசை மேல் இன்னொரு வெள்ளை முள்ளங்கி. நான் கொண்டுபோன செடியை அவர் கையில்கூட வாங்கவில்லை. "ஒவ்வொருத்தர் கைராசி மேடம், நாங்க என்ன பண்ண முடியும்" என்றார். அந்தப் பெண் என்னையும் செடியையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்று ராத்திரியே என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். 5,800-உம் 900-உம் சேர்த்து 6,700 ரூபாய்.

நேற்று என் வீட்டுக்காரரின் சித்தப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். நாற்பது வருஷம் விவசாயம் பார்த்தவர். மாடிக்கு வந்து முதல் பையைப் பார்த்ததுமே கேட்டார்: "நாத்து விட்டு நடுற பயிராம்மா முள்ளங்கி?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு செடியை மெதுவாகப் பிடுங்கி, வாளித் தண்ணீரில் அலசிக் காட்டினார். நாற்று வளர்க்கிற குழித்தட்டின் குழி எந்த வடிவமோ அதே வடிவத்தில் ஒரு தேங்காய்நார்க் கட்டி, 48 நாள் கழித்தும் கரையாமல் இருந்தது. ஆணிவேர் அந்தக் கட்டியின் அடியில் போய் முட்டி, தூண்டில் முள் போல வளைந்து, பிறகு கட்டியையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு நாற்று சரி. முள்ளங்கியில் நாம் சாப்பிடுவதே அந்த ஆணிவேரைத்தான். அதன் நுனி ஒருதரம் மடங்கிவிட்டால் அப்புறம் நேராக இறங்காது. கேரட்டும் அப்படித்தானாம், விதையை இடத்திலேயே ஊன்ற வேண்டும். விதை போட்டால் மூன்று நாலு நாளில் முளைக்கிற ஒரு பயிருக்கு, நாற்று ஒன்று ஐந்து ரூபாய் என்று அறுபது நாற்றுக்கு 300 ரூபாயைக் கிட்டில் சேர்த்து வாங்கியிருக்கிறார்கள். தொழில் தெரிந்தவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

கலவையை ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தார். டீ டிக்காஷன் மாதிரி தண்ணீர் வடிந்தது. கழுவாத தேங்காய்நார்க் கழிவு, உப்பு போகவில்லை, மண் என்று பேருக்குக்கூட இல்லை என்றார். பை ஒரு அடி உயரம், ஆனால் கலவை அமுங்கி முக்கால் அடிகூட இல்லை. அதில் நீள முள்ளங்கி எங்கே இறங்கும்? பூஸ்டர் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு "யூரியா வாடை" என்றார். தழைச்சத்து மிஞ்சினால் செடி இலைக்குத்தான் போகும், கிழங்குக்கு வராது. ரகம் என்ன என்று கேட்டார். எனக்குச் சொல்லவே இல்லை. குளிர்கால ரகத்தை மார்ச், ஏப்ரல் வெயிலில் வைத்தால் கிழங்கு பிடிக்காமல் பூத்துவிடும். வெயிலுக்கென்றே பூசா சேட்கி மாதிரி ரகம் இருக்கிறது. என்னிடம் சொன்னது "வருஷம் பூரா வரும்கா" என்று. 6,700 ரூபாய் வாங்கியவர் ரகத்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதித் தந்திருக்கக் கூடாதா?

என்னென்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. இதை மட்டும் பாருங்கள். முள்ளங்கி, கேரட் நாற்று வாங்காதீர்கள். விதை பாக்கெட்டில் ரகம், லாட் நம்பர், பரிசோதனை நாள், முளைப்புத்திறன் போட்டிருக்கிறதா பாருங்கள், முள்ளங்கிக்கு 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. முளைத்துப் பத்துப் பதினைந்து நாளில் செடிக்குச் செடி நாலு விரல் இடைவெளி விட்டு, நடுவில் இருப்பதைப் பிடுங்கிக் கலைத்துவிடுங்கள். இலை செழிப்பாக இருந்து கிழங்கு வராவிட்டால் உரம் ஊற்றுவதை நிறுத்துங்கள். பில் வாங்குங்கள், அவர் என்ன அக்கா என்று கூப்பிட்டாலும் பில் வாங்குங்கள்.

மாமியார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிடுங்கிப் போட்டதில் இளசான இலையாகப் பார்த்து ஆய்ந்துகொண்டிருந்தார், பாசிப்பருப்பு போட்டுப் பொரியல் செய்யலாம் என்று. பூஸ்டர் ஊற்றியதென்று நான்தான் வாங்கிக் குப்பையில் போட்டேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இன்றைக்கு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கப் போகிறேன். பில் இல்லாவிட்டாலும் பணம் அனுப்பிய பதிவு போனில் இருக்கிறது. பூ வந்தால் ஆரோக்கியம் என்று சொன்ன அந்தக் குரல் பதிவும் இருக்கிறது.