ரேடியோல பழைய பாட்டு கேக்க எது நல்லது: இலங்கையா, திருநெல்வேலியா, நம்ம நாகர்கோவில் 101-ஆ?

களியக்காவிளை செக்போஸ்ட்டுல இருந்து கொஞ்ச தூரத்துல, ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல எங்க வீடு. பழைய பாட்டு விஷயத்துல எங்க பக்கத்து ஆளுங்க குடுத்து வச்சவங்க, ஒரே டயல்ல திருவனந்தபுரம், திருநெல்வேலி, இலங்கை மூணும் வரும், பின்னாடி நாகர்கோவிலும் சேர்ந்துச்சு. எது பெஸ்ட்ங்கற சண்டை எங்க வீட்ல மூணு தலமொறையா ஓடுது.

திருவனந்தபுரத்த முதல்லயே ஒதுக்கிடலாம், அது மலையாள ஸ்டேஷன். ஆனா அதோட கதை நம்ம கதையும்தான். திருவிதாங்கூர் அரசாங்கம் 1943-ல ஆரம்பிச்சது, 1950-ல ஆகாசவாணி எடுத்துக்கிச்சு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நாலு தாலுகாவும் தமிழ்நாட்டோட சேர்ந்தப்போ ரேடியோ நிலையம் மட்டும் அந்தப் பக்கமே நின்னுபோச்சு. தமிழ்ல கேக்கணும்னா திருச்சி இல்லன்னா மெட்ராஸ், ரெண்டுமே தூரம். திருநெல்வேலி நிலையம் வந்ததே 1963-லதான்.

அந்த இடைவெளியிலதான் இலங்கை வீட்டுக்குள்ள வந்து உக்காந்துச்சு. 1952-ல மத்திய மந்திரியா இருந்த கேஸ்கர் ஆகாசவாணில சினிமா பாட்ட அநேகமா நிறுத்தியே விட்டார், ஜனங்க எல்லாம் கொழும்பு பக்கம் திரும்பிட்டாங்க, 1957-ல ஆகாசவாணியே பாட்டுக்குன்னு விவித பாரதி ஆரம்பிச்சும் எங்க தாத்தா மாதிரி ஆளுங்க திரும்பி வரல. கடல் தண்ணி மேல மீடியம் வேவ் நல்லா போகும், அதனால பகல்லயே கெடைக்கும், ராத்திரி ஆனா மேல்வானத்துல மோதி திரும்பி வர்ற அலையும் சேர்ந்துக்கும். அதுலதான் ஒரு கஷ்டமும், சத்தம் ஏறி எறங்கி ஏறி எறங்கி வரும், சரியா சரணத்துல கம்மிப்போச்சுன்னா தாத்தா மூஞ்சி வாடிடும்.

ஆனா அறிவிப்பாளர்னா அவங்கதான். மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச்.அப்துல் ஹமீத், இவங்க குரல் கேட்டு வளந்தவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. படம் எது, எழுதினது யாரு, இசை யாரு, பாடினது யாருன்னு எல்லாம் சொல்லிட்டுதான் பாட்டு போடுவாங்க. பள்ளிக்கூடத்துல வாய்ப்பாட்டக் கூட ஒழுங்கா சொல்லத் தெரியாத எங்க அத்தைக்கு முன்னூறு பாட்டோட கவிஞர் பேரு மனப்பாடம், எல்லாம் இலங்கையோட பொங்கும் பூம்புனல் நிகழ்ச்சி குடுத்த படிப்பு. இந்த ஒரு விஷயத்துல மத்த யாரும் பக்கத்துல வர முடியாது.

திருநெல்வேலிக்கு வருவோம். 1197 கிலோஹெர்ட்ஸ். திருவனந்தபுரம் 1161. நடுவுல வெறும் 36 தான், எங்க வீட்ல இருந்து திருவனந்தபுரம் பக்கம், திருநெல்வேலி தூரம், அதனால தமிழ்ப் பாட்டு நடுவுல மலையாள செய்தி எட்டிப் பாக்கும். இதுக்கு அப்பா ஒரு வழி வச்சிருந்தார். மீடியம் வேவ் செட்டுக்குள்ள செம்புக் கம்பி சுத்தின ஒரு கறுப்பு குச்சி இருக்கும், ஃபெரைட் ராட், அதோட முனை எந்த ஸ்டேஷன பாத்து இருக்கோ அந்த ஸ்டேஷன் கம்மியாகிடும். ஏரியல இழுத்து ஆட்டி ஒரு பிரயோஜனமும் இல்ல, செட்டையே திருப்பணும். ஜன்னல் படியில பென்சிலால ரெண்டு கோடு போட்டு வச்சிருந்தார், ஒண்ணு திருநெல்வேலிக்கு, ஒண்ணு இலங்கைக்கு. யாராவது தூசி தட்டும்போது நகத்திட்டா "மக்கா, அத கோட்டுல வை"ன்னு உள்ள இருந்து சத்தம் வரும். பெயின்ட் அடிச்சப்பகூட அந்த எடத்த விட்டுட்டுதான் அடிச்சோம்.

நாகர்கோவில் 1984-ல வந்துச்சு, நாட்டுலயே முதல் உள்ளூர் வானொலி நிலையம், இந்தப் பெருமை நம்ம மாவட்டத்துலயே பாதிப் பேருக்கு தெரியாது. எஃப்எம் 101. ஏத்த எறக்கம் கெடையாது, கரகரப்பு கெடையாது, பழைய ரெக்கார்டுல வயலின் தனியா கேக்கும். முதல்ல கேட்டப்போ இது அதே பாட்டுதானான்னு இருந்துச்சு. எஃப்எம் நேர்கோட்டுல போற அலை, நடுவுல மலை நின்னா போச்சு, எங்க தோட்டத்துல மேல் தட்டுல கிளீனா வரும், கீழ ஓடைப் பக்கம் எறங்கினா வராது. அப்பா விடியக்காலம் ரப்பர் பால் வெட்டி முடிச்சு, அப்புறம் சிரட்டையில நிறைஞ்ச பாலை எடுக்கப் போகும்போது மேல் தட்டுல வேலைய மெதுவா செய்வார், காரணம் எங்களுக்குத் தெரியும். அம்மா ஒருநாள் போஸ்ட்கார்டு போட்டு, ஊர் பேரோட அம்மா பேர வாசிச்சாங்க. குழித்துறை, அருமனை, திங்கள்சந்தைன்னு நம்ம ஊரு பேர நம்ம உச்சரிப்புலயே ரேடியோல கேக்குறது, அத இலங்கை குடுக்க முடியாது.

இப்போ ஃபோன் ஆப் இருக்கு, பென்டிரைவ் ஸ்பீக்கர் இருக்குன்னு சொல்லுவீங்க. நான் யூஸ் பண்ற ஒரு ஆப்ல சுசீலா பாடினதுக்கு ஜானகி பேரு போட்டிருக்கு, எங்க அத்தைகிட்ட காட்டினேன், அன்னிக்கு முழுக்க கோவமா இருந்தாங்க. பொங்கலுக்கு அப்பாவுக்கு ஆயிரம் பாட்டு ஏத்தி ஒரு ஸ்பீக்கர் வாங்கிக் குடுத்தேன், ரெண்டு வாரத்துல "அடுத்தது என்ன வரும்னு தெரிஞ்சுபோச்சு மக்கா"ன்னு திருப்பித் தந்துட்டார்.

என் ஓட்டு நாகர்கோவிலுக்கு, அறிவிப்புல இலங்கை பள்ளிக்கூடத்துல படிச்ச மாதிரி ஒவ்வொரு பாட்டுக்கும் கவிஞர் பேரும் சொன்னா போதும், வேற ஒண்ணும் கேக்க மாட்டேன். ரேடியோ வாங்குறவங்க எஃப்எம் மட்டும் உள்ள சின்ன செட்ட வாங்காதீங்க, மீடியம் வேவும் இருக்கற செட்டா பாத்து வாங்குங்க, கடையிலயே 1197 வச்சு செட்ட சுத்தி சுத்தி திருப்பிப் பாருங்க, சத்தம் கூடிக் கொறஞ்சா உள்ள ராட் ஒழுங்கா வேலை செய்யுதுன்னு அர்த்தம்.