விறகு அறுக்கும் செயின்சோவுக்கு எந்த பார், எந்த செயின்? என் நான்கு வருட அனுபவம்

எங்கள் ஊர் மலேசியாவின் சுங்கை சிப்புட். சுற்றிலும் தோட்டங்கள். ‘மரம் வெட்டப் போறேன்’ என்று அம்மா சொன்னால் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறார் என்று பொருள். நான் சொல்லும்போதுதான் மரம் உண்மையிலேயே துண்டாகும். மறுநடவுக்காகச் சாய்த்த பால்மரங்களில் நேரான தண்டு மரத் தொழிற்சாலைக்குப் போய்விடும். வளைந்த அடிமரமும் கிளைகளும் எனக்கு. வார இறுதியில் அறுத்துப் பிளந்து கோவில் அன்னதானத்துக்கும் கல்யாணச் சமையல்காரர்களுக்கும் கொடுக்கிறேன். நோன்புப் பெருநாள் நெருங்கினால் லெமாங் (மூங்கிலில் வேகவைக்கும் சோறு) சுடுகிறவர்களும் கேட்பார்கள்.

மிஷின் ஒன்றும் பெரிய பெயர் இல்லை. 5800 என்று எண் போட்ட சீனத் தயாரிப்பு. பெட்டியிலேயே 20 அங்குல பார், அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு, வந்தது. நீளமான பார் என்றால் வீரம் என்று நானும் நினைத்தேன். ஒரு வருடம் அதைச் சுமந்தேன்.

அப்புறம் ஒருநாள் மரத்தை அளந்து பார்த்தேன். சுற்றளவு ஒரு மீட்டர் இருக்கிற பால்மரத்துக்குக் குறுக்களவு 32 சென்டிமீட்டர்தான். 13 அங்குலம்கூட வராது. அதற்கு எதற்கு 20 அங்குலம்? மிச்ச ஏழு அங்குலம் கட்டைக்கு அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு, மண்ணைத் தொடுவதற்கும் பக்கத்துக் கட்டையில் இடிப்பதற்கும்தான் பயன்பட்டது. இடித்தது என்று சும்மா சொல்லவில்லை. குவியலில் அறுத்துக்கொண்டிருந்தபோது பார் மூக்கின் மேல்பகுதி பின்னால் இருந்த கட்டையில் பட்டு, மிஷின் அப்படியே முகத்தை நோக்கி எகிறியது. கைக்காப்பு பிரேக் விழுந்ததால் தப்பித்தேன். பக்கத்தில் நின்ற மச்சான் அன்று மாலை வரை பேசவே இல்லை.

அடுத்த வாரமே 16 அங்குலத்துக்கு மாறினேன். என் 20 அங்குல பாருக்கு 76 கண்ணி, இதற்கு 64. இரண்டு கண்ணிக்கு ஒரு பல், அதாவது அறுக்கும் பல் 38-இலிருந்து 32 ஆகிறது. ஒவ்வொரு முறை அரம் பிடிக்கும்போதும் ஆறு பல் மிச்சம். மிஷினும் திணறாமல் ஓடுகிறது. எப்போதாவது பெரிய மாமரம், டுரியான் மரம் வந்தால் இரண்டு பக்கமும் மாறி மாறி அறுத்துக்கொள்ளலாம்.

செயின் வாங்கும்போது முதல் தடவை நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். கடையில் போய் ‘16 அங்குலம்’ என்று மட்டும் கேட்டேன். தவுக்கே (கடை முதலாளி) ஒன்றை எடுத்துக் கொடுத்தார், நானும் பார்க்காமல் வாங்கி வந்தேன். பிட்ச் (கண்ணிகளுக்கு இடைப்பட்ட அளவு) சரி, கண்ணி எண்ணிக்கை சரி. ஆனால் செயினின் கனம் 1.3 மில்லிமீட்டர், என் பாரின் காடி (செயின் ஓடும் பள்ளம்) 1.5. காடிக்குள் செயின் சாய்ந்து சாய்ந்து ஓடியது. நேராக அறுக்கவே இல்லை, வெட்டு வாழைப்பழம் மாதிரி வளைந்தது. கனம் அதிகமாக இருந்திருந்தால் உள்ளேயே இறங்கியிருக்காது, கடையிலேயே தெரிந்திருக்கும். மெல்லியதுதான் ஏமாற்றும். இப்போது மூன்று எண்ணையும் கைப்பேசியில் எழுதி வைத்திருக்கிறேன்: பிட்ச் 0.325 அங்குலம், கனம் 1.5 மில்லிமீட்டர், கண்ணி 64. பெரும்பாலும் இவை பாரின் அடிப்பகுதியிலேயே பொறித்திருக்கும். அழிந்துபோயிருந்தால் பழைய செயினைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

சரி, பல்லின் வடிவம். எனக்கு இதுதான் உண்மையான விஷயம். கூர்மூலைப் பல், உருண்ட மூலைப் பல் என்று இரண்டு வகை. கடைக்காரர்கள் ஃபுல் சிசல், செமி சிசல் என்பார்கள். சுத்தமான பச்சை மரத்தில் ஃபுல் சிசல் வெண்ணெயில் கத்தி போல இறங்கும், மறுக்கவில்லை. ஆனால் அதன் வேலை முழுவதும் அந்த ஒரு கூர்மூலையில் இருக்கிறது. லோரி இழுத்துப்போட்ட கட்டையில் மண் ஒட்டியிருந்தால் அந்த மூலை சீக்கிரம் மழுங்கும். எனக்கு ஒரு டேங்க் பெட்ரோலுக்கு ஒரு தடவை அரம் போட வேண்டியிருந்தது. செமி சிசலில் கொஞ்சம் மெதுவாகப் போனாலும் இரண்டு மூன்று டேங்க் தாங்குகிறது. நாள் முடிவில் எண்ணிப் பார்த்தால் விறகு அதிகம். கார்பைடு முனை வைத்த செயினும் உண்டு, ஆனால் அதைத் தீட்ட வைரச் சக்கரம் வேண்டும். நம் ஊர் வேலைக்கு அது சரிப்படாது.

பால்மரத்துக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பால் வடிய அடித்த தகரமும் பால் பிடிக்கும் மங்கு கட்டிய கம்பியும் வருடக்கணக்கில் பட்டைக்குள் புதைந்துபோய்விடும். வெளியிலிருந்து தெரியாது. நாற்பது வருடம் பால் வெட்டிய என் மாமா முதல் நாளே சொன்னார்: “மாப்ள, நெஞ்சு உயரத்துக்குக் கீழ தகரம் இருக்கும், பாத்துப் போ.” நான் கேட்கவில்லை. புதுச் செயினில் நான்கு பல் போனது. இப்போது பால் வெட்டிய தழும்பு உள்ள துண்டுகளில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு ஒதுக்கிவிடுவேன். கடைசியில் ஒரு பழைய செயினை மாட்டி அவற்றை மட்டும் அறுப்பேன்.

இன்னொன்று பால். புதிதாகச் சாய்த்த மரத்தை அறுத்தால் பாலும் மரத்தூளும் சேர்ந்து காடிக்குள் ரப்பராகவே உறைந்து, எண்ணெய்த் துளையை அடைத்துவிடும். பார் சூடாகி நீலம் பாய்ந்ததைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. சில வாரம் காயவிட்டு அறுப்பது நல்லது. வேலை முடிந்ததும் பாரைக் கழற்றி, உடைந்த ஹேக்சா பிளேடால் காடியை வழிக்கிறேன். செயினை இரவு முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, காலையில் துடைத்து எண்ணெய் விடுகிறேன்.

எண்ணெய் என்றதும் ஞாபகம் வருகிறது, எங்கள் பக்கம் பாதிப்பேர் ஊற்றுவது வண்டியிலிருந்து வடித்த பழைய கறுப்பு எண்ணெய், மின்யாக் ஈத்தாம். நானும் ஊற்றினேன். அதில் உலோகத்தூள் இருக்கிறது, செயினில் ஒட்டவும் மாட்டேன் என்கிறது. தெறித்துக் கை, சட்டையெல்லாம் படுவதும் நல்லதல்ல, நாள்பட்டால் தோலுக்குக் கேடு. முதல் பாரின் காடி அகன்றுபோனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பக்கத்து கம்பத்தில் (கிராமத்தில்) ஒருவர் செம்பனை (எண்ணெய்ப்பனை) அடிமரத்தை அறுத்துத் தரச் சொன்னார். ஒரு தடவை போனேன், இனி போக மாட்டேன். தண்ணீர் ஊறிய நார், அதற்குள் மணல் போன்ற சிலிக்கா. எந்தப் பல்லும் தாங்காது, அது விறகாகவும் எரியாது.

கட்டையைப் பிளக்கும்போது உள்ளே கொழுத்த வெள்ளைப் புழு நெளியும். இன்றைய செயினின் பல்லே அப்படி ஒரு புழுவைப் பார்த்துத்தான் பிறந்தது. 1946-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்கிற மரவெட்டி, மரத்தைத் துளைக்கும் வண்டின் புழு இடமும் வலமுமாகக் கடித்துப் போவதைக் கவனித்து, அந்தத் தாடை வடிவில் செயின் செய்தார். 1947-இல் அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயரில்தான் இன்றும் ஓரிகன் செயின் விற்கிறது. புழுவைக் கண்டால் இப்போது நசுக்க மனம் வருவதில்லை, கோழிக்குப் போட்டுவிடுகிறேன்.

அரம் 4.8 மில்லிமீட்டர், சாய்வு 30 பாகை. மூன்று தடவை தீட்டினால் ஒரு தடவை, பல்லுக்கு முன்னால் இருக்கும் மேட்டையும் அளவுத்தகடு வைத்துத் தேய்க்கிறேன். அது பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் போதும். அவசரப்பட்டு அதிகம் தேய்த்தால் செயின் மரத்தைக் கவ்விக்கொண்டு எகிறும். எனக்கு வலதுகைப் பழக்கம் என்பதால் ஒரு பக்கப் பல் எப்போதும் குட்டையாகிவிடும், மறுபக்கத்துக்கு இரண்டு இழுப்பு கூட்டிக்கொள்கிறேன். தீட்டும்போதெல்லாம் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுவதால் இரண்டு விளிம்பும் ஒரே சீராகத் தேய்கிறது. விளிம்பில் பிசிறு எழுந்தால் தட்டை அரம்.

நான்கு வருடத்தில் இரண்டு பார், ஏழு செயின். செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டை மறந்ததால் வந்த கணக்கும் இதில் சேரும். இரண்டு செயினுக்கு ஒரு ஸ்ப்ராக்கெட் என்பார்கள், நான் நான்குக்கு ஒன்று என்று ஓட்டினேன். தேய்ந்த பல்சக்கரம் புதுச் செயினையும் தின்றுவிட்டது. அடுத்த மாதத் திருவிழாவுக்குக் கோவிலில் இரண்டு லோரி விறகு கேட்டிருக்கிறார்கள். எட்டாவது செயின் இன்னும் பெட்டியிலேயே இருக்கிறது, ஸ்ப்ராக்கெட் வந்தால்தான் பிரிப்பேன்.