செந்தூல்ல யுஎஃப்சி பாக்க ஒரு மாமாக் கடை: சத்தம் வைக்கிறாங்க, அதுக்கே 4 ஸ்டார்

கேஎல்ல (கோலாலம்பூர்) யுஎஃப்சி, அதாவது குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்எம்ஏ சண்டை, போடுற மாமாக் கடைக்கு (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) பஞ்சம் இல்ல, சத்தத்தோட போடுற கடைக்கு தான் பஞ்சம். பெரிய ஸ்கிரீன் இருக்கும், ப்ரொஜெக்டர் இருக்கும், ஆனா டிவிய மியூட் பண்ணிட்டு ஸ்பீக்கர்ல பழைய பாட்டு ஓட விட்ருப்பாங்க. ஃபுட்பாலுக்கு அது ஓகே, கோல் விழுந்தா கண்ணுக்கே தெரிஞ்சிரும். எம்எம்ஏ-வுல திடீர்னு ரெஃப்ரி ரெண்டு பேரையும் பிரிச்சு விடுவாரு, ஒருத்தன் கண்ண பொத்திக்கிட்டு திரும்பிருவான், டாக்டர் உள்ள வந்து ஏதோ கேப்பாரு, இவன் ஏதோ சொல்லுவான், அவ்ளோதான் ஃபைட் முடிஞ்சிருச்சுன்னு கைய ஆட்டிருவாங்க. அந்த "ஏதோ" தான் முழு மேட்டரே, அத கேக்க முடியலன்னா நீங்க வீட்ல படுத்து தூங்கலாம்.

இந்த கடை செந்தூல் எல்ஆர்டி-ல இருந்து நடக்குற தூரம், 24 மணி நேரமும் திறந்திருக்கும். பேரு போடல, ஏற்கனவே சண்டை இருக்குற நாள்ல உக்கார இடம் இல்ல, இன்னும் நாலு பேர் தெரிஞ்சு வந்தா நான் தான் நின்னுக்கிட்டு பாக்கணும். செந்தூல் பக்கம் உள்ளவங்களுக்கு சொன்னாலே புரிஞ்சிரும். எம்எம்ஏ ஃபைட்டர் அகிலன் தாணி வளர்ந்த ஏரியா வேற, அதனால இங்க கீழ தள்ளி அமுக்குறது, கழுத்து பிடி எல்லாம் டீ குடிக்க வர்ற பெருசுங்களுக்கே ஓரளவுக்கு தெரியும். அவரு 2017-ல சிங்கப்பூர்ல பென் ஆஸ்க்ரென் கூட டைட்டில் ஃபைட் போட்டத இன்னும் பேசுவாங்க, தோத்த ஃபைட்டுன்னாலும்.

கடையோட அசல் தரம் எனக்கு தெரிஞ்சது யுஎஃப்சி 321 அன்னைக்கு, 2025 அக்டோபர் 25 அபுதாபியில நடந்தது, நம்ம நேரத்துக்கு ஞாயித்துக்கிழமை விடியக்காலை. டாம் ஆஸ்பினால், சிரில் கேன், ஹெவிவெயிட் டைட்டில். ஃபர்ஸ்ட் ரவுண்டு முடியப் போற நேரத்துல கேனோட விரல் ஆஸ்பினால் கண்ணுக்குள்ள போயிருச்சு, ரீப்ளே போட்டப்ப ரெண்டு கண்ணுமேன்னு தெரிஞ்சுது, கடையே "ஆஆ"ன்னு கத்துச்சு. டாக்டர் வந்தாரு. பின்னாடி டேபிள்ல ஒரு கும்பல் உடனே "நடிக்கிறான்லா, தோத்துருவான்னு பயம்"னு ஆரம்பிச்சாங்க. அப்ப காசு வாங்குற பாய், ரிமோட் எப்பவும் அவரு கையில தான் இருக்கும், சத்தத்த இன்னும் ஏத்தி வச்சாரு. கண்ணு தெரியலன்னு ஆஸ்பினால் சொல்றது எல்லாருக்கும் புரிஞ்சுது, பின்னாடி டேபிள் கப்சிப். ஒரு ஃபைட்டர் வாயால கண்ணு தெரியலன்னு சொல்லிட்டா அதுக்கு மேல எந்த டாக்டரும் விட மாட்டாரு. நோ கான்டெஸ்ட், அதாவது யாருக்கும் வெற்றியும் இல்ல தோல்வியும் இல்ல. பெல்ட் ஆஸ்பினால் கிட்டயே இருந்துச்சு.

என் பக்கத்துல ஒரு காலேஜ் பையன், "குத்துனது அவன் தானே, அப்புறம் ஏன் பாய் அவனுக்கு தோல்வி இல்ல?"ன்னு கேட்டான். பாய் கல்லாவுல சில்லறை எண்ணிக்கிட்டே சொன்னாரு பாருங்க, நான் நெட்ல படிச்சத விட தெளிவா இருந்துச்சு. "தம்பி, வேணும்னு பண்ணி மத்தவன் சண்டைய தொடர முடியலன்னா டிஸ்குவாலிஃபை. தெரியாம பட்டுச்சுன்னா கணக்கு வேற. 5 ரவுண்டு ஃபைட்டுல 3 ரவுண்டு முழுசா முடியலன்னா, 3 ரவுண்டு ஃபைட்டுல 2 முடியலன்னா, நோ கான்டெஸ்ட். அதுக்கு மேல போயிருந்தா அதுவரைக்கும் ஜட்ஜ் போட்ட மார்க்க எண்ணி முடிவு சொல்லிருவாங்க." அவ்ளோதான், அப்புறம் "ரொட்டி தெலூர் யாருக்கு?"ன்னு திரும்பிட்டாரு.

என் சொந்த கருத்து, கண்ணுல குத்துறதுக்கு ரெஃப்ரிங்க ரொம்ப இடம் குடுக்குறாங்க. விரல நீட்டிக்கிட்டு கைய எதிராளி மூஞ்சி பக்கம் கொண்டு போறதே ரூல்படி ஃபவுல் தான், பட்டா தான் ஃபவுல்னு இல்ல. ஆனா யாரு பாயிண்ட் கட் பண்றா? வார்னிங், மறுபடி வார்னிங், "இது தான் கடைசி"ன்னு மூணாவது வார்னிங். ஒரு பாயிண்ட் வெட்டுனா 10-9 ஜெயிச்ச ரவுண்டு 9-9 ஆயிரும், 3 ரவுண்டு ஃபைட்டுல அது பெரிய அடி, அதுக்கு பயந்துக்கிட்டு தான் வெட்ட மாட்டேங்கிறாங்கன்னு நினைக்கிறேன். வெட்டுனா தான் விரல மடக்குவான். 2021-ல லியோன் எட்வர்ட்ஸ், பெலால் முகமது ஃபைட்டும் இப்படி தான் ரெண்டாவது ரவுண்டுல கண்ணு குத்துல நோ கான்டெஸ்ட் ஆச்சு.

இடுப்புக்கு கீழ உதை விழுந்தா அடி வாங்குனவனுக்கு 5 நிமிஷம் வரைக்கும் டைம் உண்டு, இந்த கடைக்காரங்க அத நல்லா புரிஞ்சு வச்சிருக்காங்க. ஒருத்தன் குனிஞ்சு உக்காந்தான்னா அடுத்த நொடி ஆர்டர் எடுக்குற தம்பி நோட்டோட வந்துருவான், தண்ணி கலக்குறவரு தே தாரிக்க (இழுத்து ஆத்துற பால் டீ) வரிசையா இழுக்க ஆரம்பிச்சிருவாரு, ஃபைட் திரும்ப ஆரம்பிக்கிறதுக்குள்ள டேபிளுக்கு வந்துரும். வேற கடைங்கள்ல நாக்கவுட் நேரத்துல கரெக்டா ஸ்கிரீன் முன்னாடி வந்து நின்னு "அண்ணே தண்ணி?"ன்னு கேப்பாங்க, இங்க அந்த பிரச்சினை சுத்தமா இல்ல.

சாப்பாடு பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. ரொட்டி சானாய் மொறுமொறுன்னு வரும், பருப்பு தண்ணியா இருக்கும், சம்பல் நல்ல காரம், மீ கோரேங் எண்ணெய். அமெரிக்காவுல சனிக்கிழமை ராத்திரி நடக்குற கார்டு (அன்னைக்கு நடக்குற மொத்த சண்டைங்க) நமக்கு ஞாயித்துக்கிழமை காலையில பசியாற நேரத்துக்கு வரும், அப்ப போனீங்கன்னா தோசை சூடா கிடைக்கும், விடியக்காலை கார்டுக்கு போனா ராத்திரி மிச்சம் தான். தே தாரிக் குராங் மானிஸ்னு (இனிப்பு கம்மி) சொல்லுங்க, சொல்லலன்னா பால் பாயசம்.

இங்க வர்ற கூட்டத்துக்கும் தனியா மார்க் போடணும். கார்டு மொக்கையா போனா பழைய ஃபவுல் பஞ்சாயத்து எல்லாம் வெளிய வரும், எனக்கு அதுக்காகவே போகணும்னு தோணும். பீட்டர் யான், ஆல்ஜமெயின் ஸ்டெர்லிங் மேட்டர் தான் அடிக்கடி. 2021 மார்ச், யுஎஃப்சி 259, நாலாவது ரவுண்டுல ஸ்டெர்லிங் முட்டி தரையில இருக்கும்போதே யான் தலையில முழங்காலால இடிச்சிட்டான், டிஸ்குவாலிஃபை, யுஎஃப்சி-ல ஃபவுலால பெல்ட் கை மாறுன முதல் தடவை அது தான். ஒரு டேபிள் "திருட்டு சாம்பியன்"ம்பாங்க, இன்னொரு டேபிள் "அடுத்த வருஷம் ரீமேட்ச்லயும் ஜெயிச்சான்ல, வாய மூடு"ம்பாங்க. நான் ரெண்டாவது டேபிள். அதே பஞ்சாயத்துக்கு ஆன்தனி ஸ்மித்த இழுப்பாங்க, 2019-ல அப்போ சாம்பியனா இருந்த ஜான் ஜோன்ஸ் அவன இதே மாதிரி இடிச்சு 2 பாயிண்ட் போச்சு, முடியலன்னு ஸ்மித் சொல்லிருந்தா பெல்ட்டே வந்துருக்கும், எழுந்து நின்னு சண்டை போட்டு 48-44 தோத்தான். அது வீரமா மடத்தனமான்னு ஒரு தடவை தபாவ் (பார்சல்) வாங்க வந்த ஒரு அம்மா கூட நின்னு கருத்து சொல்லிட்டு போனாங்க. மடத்தனம்னாங்க.

இதுல சுவாரஸ்யம் என்னன்னா, யான் அடி விழுந்து ஒரே மாசத்துல, 2021 ஏப்ரல்ல, சிங்கப்பூர்ல ஒன் சாம்பியன்ஷிப்ங்கிற இன்னொரு எம்எம்ஏ அமைப்புல அட்ரியானோ மொராயிஸ் கீழ விழுந்த டிமெட்ரியஸ் ஜான்சன் தலையில அதே மாதிரி முழங்கால் விட்டு நாக்கவுட் பண்ணான், அங்க அது லீகல், கைத்தட்டு தான். நம்ம ஆளுங்க இங்க கேஎல்ல புக்கிட் ஜாலில்ல ஒன் சாம்பியன்ஷிப் சண்டைங்க பாத்து வளர்ந்தவங்க, ஃபவுலுக்கு மஞ்சள் கார்டு சிவப்பு கார்டுன்னு பழகிட்டு யுஎஃப்சி பாத்தா கொஞ்சம் குழம்பத்தான் செய்யும். இன்னொண்ணு, மேல இருந்து நேரா கீழ இறக்குற முழங்கை, கடிகாரத்துல 12-ல இருந்து 6-க்கு வர்ற மாதிரி, முன்னாடி ஃபவுலா இருந்த அத 2024 நவம்பர்ல இருந்து லீகல் ஆக்கிட்டாங்க. ஜான் ஜோன்ஸோட ஒரே தோல்வி 2009-ல மேட் ஹாமில் கூட அந்த முழங்கையால தான் வந்துச்சு. இன்னும் அத பாத்தா "ஃபவுல் ஃபவுல்"னு கத்துற பெருசு ஒருத்தர் இருக்காரு, பாய் கல்லாவுல இருந்தே "மாத்திட்டாங்க மாமா, கைய மட்டும் தரையில ஊனிட்டு கீழ இருக்கேன், தலையில முழங்கால் விடாதன்னு இப்ப தப்பிக்க முடியாது, அதையும் மாத்திட்டாங்க"ன்னு பதில் குடுப்பாரு.

குறை இல்லாம இல்ல. ரெண்டு ஸ்கிரீன்ல ஒண்ணு ஏழெட்டு நொடி லேட்டா ஓடும், வெளி டேபிள்ல உக்காந்தா உள்ள கத்துறத கேட்டு நாக்கவுட் வரப்போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சிரும், ரொம்ப கடுப்பு. சிகரெட்டு வெளிய தான்னு போர்டு மட்டும் இருக்கு. டாய்லெட்டு பத்தி பேச வேணாம். சண்டை நாள்ல பில்லுல குடிக்காத மைலோ ஏறிருக்கும், செக் பண்ணி குடுங்க, சொன்னா உடனே கழிச்சிருவாங்க.

போறவங்களுக்கு: மெயின் கார்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போயி உள்ள கல்லா பக்கம் டேபிள் பிடிங்க, ஸ்பீக்கர் அங்க தான், பாயும் அங்க தான். டச் என் கோ (ஃபோன்ல காசு கட்டுற வாலட்) எடுப்பாங்க. கார எல்ஆர்டி பக்கம் விட்டுட்டு நடங்க, கடை முன்னாடி டபுள் பார்க்கிங் போட்டா மெயின் ஈவென்ட் நடுவுல பிளேட் நம்பர மைக்ல கூப்பிடுவாங்க, அதுக்கு மட்டும் டிவி சத்தத்த குறைப்பாங்க.